இஸ்தான்புல்லில் பட்டுக் கம்பளம் வாங்கலாமா?

கேள்வி: வணக்கம் அம்மா. அடுத்த மாதம் நானும் வீட்டுக்காரரும் டூர் குழுவோடு துருக்கி போகிறோம். கையால் நெய்த பட்டுக் கம்பளம் ஒன்று வாங்கிவந்து ஹாலில் விரிக்க ரொம்ப நாள் ஆசை. ஏமாறாமல் வாங்க வழி சொல்லுங்களேன்.
- வாசகி, காவேரிப்பட்டணம்

பதில்: தாராளமாக வாங்குங்கள். ஆனால் ஹாலில் விரிக்கத்தான் என்றால் பட்டு வேண்டாம், கம்பளியில் எடுங்கள். பிள்ளைகள் ஓடியாடும், சேர் இழுபடும் இடத்தில் பட்டு தாங்காது. நல்ல கம்பளி தலைமுறை தாண்டியும் உழைக்கும். பட்டு ஆசை விடவில்லையா? சுவரில் மாட்டுகிற மாதிரி சின்னதாக ஒன்று போதும்.

நாங்கள் பட்டுப்புழு வளர்த்த குடும்பம். தர்மபுரி அங்காடியில் ஏலம் எடுக்க வரும் வியாபாரி, குவியலைப் பார்த்ததும் விலை சொல்லிவிட மாட்டார். நாலு கூட்டை அள்ளி விரலால் அழுத்துவார், காதருகே வைத்துக் குலுக்குவார். அப்புறம்தான் வாயைத் திறப்பார். கம்பளக் கடையில் நீங்களும் அதே நிதானத்தோடு இருங்கள்.

முதலில் கம்பளத்தைப் புரட்டச் சொல்லுங்கள். கையால் முடிச்சுப் போட்டதென்றால் முன்பக்கத்துப் பூவேலை பின்பக்கமும் தெளிவாகத் தெரியும். முடிச்சுகள் அங்கங்கே கொஞ்சம் ஏறி இறங்கியும் இருக்கும். குஞ்சம், தறியில் நீளவாக்கில் ஓடும் பாவு நூலின் நீட்சியாகவே வரவேண்டும். தனியாகத் தைத்திருந்தால் பெரும்பாலும் மிஷின் சரக்கு. பின்பக்கத்தைத் துணி ஒட்டி மறைத்திருந்தால் அதை விட்டுவிடுங்கள். ஈரமான வெள்ளைக் கைக்குட்டையால் ஓரிடத்தில் தேய்த்து, சாயம் ஒட்டுகிறதா என்றும் பாருங்கள்.

துருக்கிப் பட்டுக் கம்பளத்தில் உசத்தி ஹெரெகே. அந்தக் காலத்தில் துருக்கியை ஆண்ட ஒட்டோமான் சுல்தான்களின் அரண்மனைகளுக்கு நெய்து கொடுத்த ஊர் அது. நல்ல ஹெரெகேயில் சதுர சென்டிமீட்டருக்கு 100 முடிச்சு இருக்கும். அப்படியானால் ஒரு சதுர மீட்டருக்கு 10 லட்சம்! ஒருவர் நாளுக்கு 5,000 முடிச்சு போட்டாலும் 200 நாள் ஆகும். ஒரு பெண் தறி முன்னால் அத்தனை நாள் உட்கார்ந்த உழைப்பு அடிமாட்டு விலைக்கு வராது, வரவும் கூடாது. மூலையில் ஹெரெகே என்று நெய்திருப்பதை மட்டும் நம்பாதீர்கள். சீனாவில் நெய்ததிலும் அந்த எழுத்தைப் போடுகிறார்கள்.

‘மூங்கில் பட்டு’ என்று காட்டுவது விஸ்கோஸ்தான், அதாவது மரக்கூழ், மூங்கில்கூழிலிருந்து செய்யும் செயற்கை இழை. சந்தேகம் இருந்தால் மேலே நிற்கும் இழையில் ஒன்றைப் பிடுங்கிக் கொளுத்திக் காட்டச் சொல்லுங்கள். குஞ்சத்து நூல் உதவாது, அது பருத்தியாகவும் இருக்கலாம். பட்டும் கம்பளியும் முடி கருகிய வாடை அடிக்கும், சாம்பல் பொடியாக உதிரும். விஸ்கோஸில் காகிதம் எரிந்த வாடை வரும். பாலியஸ்டர் உருகிக் கெட்டி மணியாகிவிடும்.

டூர் பஸ் நிற்கிற கடையில் ஆப்பிள் டீ கொடுப்பார்கள். குடியுங்கள், தப்பில்லை. ஆனால் கைடுக்குப் போகும் கமிஷனும் உங்கள் விலையில்தான் ஏறும். அங்கேயே முடிவு செய்யாமல், இஸ்தான்புல்லின் பழைய பெரிய சந்தையான கிராண்ட் பஜாரில் நாலு கடை ஏறி விலை கேளுங்கள். ஞாயிற்றுக்கிழமை அது மூடியிருக்கும். நூறு வருஷப் பழசு என்று எதையாவது காட்டினால் ஆசைப்படாதீர்கள். பழம்பொருளை அந்த நாட்டிலிருந்து சும்மா எடுத்துவர விடமாட்டார்கள்.

கூடுமானவரை கையோடு கொண்டுவாருங்கள். கடைக்காரர் தனியாக அனுப்பிவைத்தால் பயணிக்கான சுங்கச் சலுகை அதற்குக் கிடைக்காது. கையில் கொண்டுவந்தாலும் வரம்புக்கு மேல் போனால் வரி உண்டு, கிளம்பும் முன் வரம்பு எவ்வளவு என்று பார்த்துவிடுங்கள். பில்லில் நீள அகலம், மேலே நிற்கும் இழை எது, பாவு எது, நெய்த ஊர், கையால் முடிச்சுப் போட்டது என்ற விவரம் எல்லாம் எழுதி வாங்குங்கள். எழுதத் தயங்குகிற கடையில் பணத்தை எடுக்கவே வேண்டாம்.