பழைய போர் விமானத்தில் சென்சாரை எங்கே வைப்பது?

கேள்வி: வயதான போர் விமானங்களில் சென்சார்களைப் பொருத்தி, விரிசலை உடனுக்குடன் கண்டறியும் முறைகள் வந்துவிட்டன என்கிறார்களே, அவற்றுள் எது சிறந்தது? வழக்கமான சோதனைகள் இனி வேண்டியதில்லையா?

பதில்: சோதனைகள் வேண்டியதில்லை என்று சொல்ல முடியாது. இம்முறைகளில் ஒரு வகை, உலோகம் நீள்வதையும் சுருங்குவதையும் அளக்கும் திரிபுமானிகளையும், வேக மாற்றத்தை அளக்கும் முடுக்கமானிகளையும் கொண்டு, ஒவ்வொரு விமானமும் எவ்வளவு சுமையைத் தாங்கியது என்பதைப் பதிந்து எஞ்சிய ஆயுளைக் கணக்கிடுகிறது. ஐரோப்பியப் போர் விமானமான யூரோஃபைட்டர் டைஃபூனில் இது வடிவமைப்பிலேயே இடம்பெற்றது. ஆனால், ஒவ்வொரு பாகமும் வரைபடத்தில் உள்ளபடியே செய்யப்பட்டிருக்கிறது என்ற நம்பிக்கையில்தான் அந்தக் கணக்கு நிற்கிறது. 2007 நவம்பர் 2 அன்று அமெரிக்காவின் மிசௌரி வான் தேசியக் காவல்படையின் எஃப்-15சி விமானம் பயிற்சியின்போது வானிலேயே இரண்டாக உடைந்தது. விமானி உயிர் தப்பினார். உடலின் முன்பகுதியில் நீளவாட்டில் ஓடும் தாங்குசட்டம் ஒன்று, குறித்த தடிமனைவிட மெலிதாகத் தயாரிக்கப்பட்டிருந்ததால் அதில் விரிசல் வளர்ந்தது என்று விசாரணையில் தெரியவந்தது. செய்யும்போதே மெலிந்துபோன சட்டத்துக்குச் சுமைக் கணக்கு என்ன சொல்லிவிடும்?

மற்ற வகை, விரிசலையே தேடுவது. வெற்றிடச் சென்சாரில் மெல்லிய தாள் ஒன்றின் நுண்குழல்களில் வெற்றிடம் பேணப்படுகிறது. அடியில் விரிசல் விழுந்தால் காற்று கசிந்து காட்டிக்கொடுக்கும். எளியது, நம்பகமானது, ஆனால் ஒட்டிய இடத்தைத் தவிர வேறெதையும் அறியாது. மின்னழுத்தம் கொடுத்தால் அதிரும் பீசோமின் தகடுகள் அனுப்பும் அதிர்வலைகள் பரந்த பரப்பைப் பார்க்கும் என்றாலும், வெப்பநிலை மாறினாலே அலையும் மாறுவதால் பொய் எச்சரிக்கைகள் எழக்கூடும். ஒவ்வொரு பொய் எச்சரிக்கைக்கும் விமானத்தை நிறுத்தி மூடிகளைக் கழற்றினால் மிச்சமாகும் செலவு கரைந்துவிடும்.

ஆகவே, ஓய்வுபெற்ற ஒரு விமானத்தை முழுதும் பிரித்துப் பார்த்து, விரிசல் எங்கே விழுகிறது என்பதை அறிவதே முதல் செலவாக இருக்க வேண்டும் என்பது என் கருத்து. கை எட்டும் இடங்களுக்குச் உலோகத்தில் மின்னோட்டத்தைத் தூண்டி விரிசலைக் கண்டறியும் சுழல் மின்னோட்டச் சோதனையே போதும். எரிபொருள் தொட்டியைக் காலிசெய்தோ இறக்கையைக் கழற்றியோ எட்ட வேண்டிய இடங்களில்தான் சென்சார் தன் விலைக்கு ஈடாகும்.

மிகச் சிறிய விரிசலே உயிரைப் பறிக்கும் பாகங்களுக்கு இவை எதுவும் போதாது. 1969 டிசம்பரில் எஃப்-111 போர் விமானம் ஒன்றில், இறக்கையை முன்னும் பின்னும் திருப்ப உதவும் சுழல் இணைப்பு, தயாரிப்புக் குறையால், நூறு மணிநேரத்தைச் சற்றே தாண்டிய பறப்பில் முறிந்தது. அதன்பின் அமெரிக்க விமானப்படை அவ்வகை விமானங்களைக் கழித்தல் 40 பாகைக்குக் குளிர்வித்து, இறக்கைகளுக்குப் பெருஞ்சுமை கொடுத்துச் சோதித்தது. முறிவதானால் தரையிலேயே முறியட்டும் என்பதே ஏற்பாடு.

சென்சார் வாங்குவதானால், செயலிழந்த சென்சாரையும் விரிசல் இல்லாததால் மௌனமாக இருக்கும் சென்சாரையும் எப்படிப் பிரித்தறிவது என்று விற்பவரிடம் முதலில் கேளுங்கள்.