மட்கார்டின் வளைவை இறுக்குவது: விளிம்புதான் குறைய வேண்டும்

சிறிய சக்கரத்துக்காகப் பின் மட்கார்டை முழங்காலில் வைத்து வளைத்தபோது இரு விளிம்புகளும் அலை அலையாக மடிந்துவிட்டன என்று எழுதியிருக்கிறீர்கள். தகடு கெட்டுப்போகவில்லை, கவலைப்படாதீர்கள். வளைவு இறுகும்போது நடுமுகட்டைவிட விளிம்பின் நீளம் குறைந்தாக வேண்டும். போக இடமில்லாத உலோகம்தான் அலையாக நிற்கிறது. அதைச் சுத்தியலால் தட்டையாக்கினால் விளிம்பு மறுபடி நீண்டு, வளைவு விரிந்துவிடும்.

விளிம்பைச் சுருக்கும் கருவி இல்லையென்றால், முதலில் வேண்டிய வளைவை ஒட்டுப்பலகையில் வெட்டிக்கொள்ளுங்கள். விளிம்பில் 'வி' வடிவ வெட்டுகள் போடுங்கள்; அகலமான ஒன்றைவிடக் குறுகிய பல வெட்டுகளே நல்லது, இல்லாவிட்டால் முகடு ஓரிடத்தில் உடைந்ததுபோல் மடியும். பலகையோடு சேர்த்து இறுக்கி, வெட்டின் வாய்கள் மூடியதும் புள்ளி புள்ளியாக வெல்டிங் செய்யுங்கள். ஒன்று வைத்ததும் தள்ளிப்போய் அடுத்ததை வையுங்கள், சூடு ஒரே இடத்தில் சேரக் கூடாது.

டிக் வெல்டிங் (டங்ஸ்டன் முனையால் செய்வது) கிடைத்தால் அதையே தேர்ந்தெடுங்கள். மிக் வெல்டிங்கின் (கம்பி தானாக ஊட்டப்படுவது) தையல், அதாவது இணைப்புக் கோடு, கடினமாக இருக்கும். டிக் தையல் சுத்தியலுக்கு இணங்கும். ஆறும்போது தையல் சுருங்கி இழுக்கும். அடியில் டாலியை (தாங்கிப் பிடிக்கும் இரும்புக் கட்டியை) வைத்து, தையலின் மீது மட்டும் மெதுவாகத் தட்டி நீட்டிவிடுங்கள்.

குரோம் பூச்சு இருந்தால் வெல்டிங்குக்கு முன் முழுவதும் நீக்கிவிடுங்கள். அந்தப் புகை மிகவும் நச்சு.