வன்னியில் வளவுக்குள் கொட்டும் இலைச்சருகை என்ன செய்வது? கூட்டி எரிக்கலாமா?

கேட்டவர் கனடாவிலிருந்து வந்து கிளிநொச்சியில் வீடு திருத்துகிறார். அங்கே, ரொறன்ரோவில், இலையைப் பையில் கட்டி வாசலில் வைத்தால் மாநகரசபை அள்ளிக்கொண்டு போய்விடும், இங்கே அயலவர் எல்லாரும் கொளுத்துகிறார்களே, நானும் கொளுத்தலாமா என்பது கேள்வி.

கொளுத்த வேண்டாம். புகை, இருமல் எல்லாம் எந்த ஊருக்கும் உள்ள காரணம். வன்னிக்கென்று வேறொன்று உண்டு. 2009 வரை சண்டை நடந்த நிலம் இது. நெடுநாள் ஆளில்லாமல் கிடந்த வளவில், மண்ணுக்குள் வெடிக்காமல் கிடக்கும் ஏதாவது தீயின் சூட்டில் வெடிக்கலாம். குப்பைக்கு நெருப்பு வைத்தபோது வெடித்த செய்திகள் சண்டை முடிந்து பல வருடங்களுக்குப் பிறகும் பத்திரிகையில் வந்திருக்கின்றன. சருகு வாரும்போது துருப்பிடித்த இரும்பு எதுவும் தட்டுப்பட்டால் கிளறாமல் பொலிஸ் அவசர இலக்கமான 119க்கு எடுத்துச் சொல்லுங்கள்.

அப்புறம், ரொறன்ரோ முறையை இங்கே கொண்டுவர முடியாது. அங்கே இலை உதிர்க்கும் மரமெல்லாம் இலையுதிர் காலத்தில் சில கிழமைக்குள் கொட்டித் தீர்த்துவிடும். கடதாசிப் பையில் கட்டி வைத்தால் எடுத்துப்போய்க் கூட்டெருவாக்குகிறார்கள். நமக்கு அந்த ஐப்பசி, கார்த்திகை மழைக்காலம். வேம்பு கொட்டுவது மாசி, பங்குனியில். மாமரமோ வருடம் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொட்டிக்கொண்டே இருக்கும். அதனால் சருகு வளவிலேயே உரமாவதுதான் தோது. குப்பை அள்ள வரும் பிரதேச சபை உழவு இயந்திரத்தை நம்பி மூட்டை கட்டி வைக்காதீர்கள்.

தொல்லை தருவது தேக்கஞ்சருகுதான். சாப்பாட்டுக் கோப்பை அகலத்தில் ஒன்றன்மேல் ஒன்று படிந்து கிடக்கும். மேலே ஊற்றும் தண்ணீர் வழிந்து ஓடுமே தவிர உள்ளே இறங்காது. காலைப் பனியில் அது தோல் மாதிரி இழுபடும், உடையாது. மத்தியான வெயிலில் உரப்பைக்குள் திணித்துச் செருப்புக்காலால் நன்றாக மிதியுங்கள், அப்பளம்போல நொறுங்கிவிடும். பிறகு ஒரு படை சருகு, மேலே மாட்டெரு, அதற்கு மேல் வேலியில் வெட்டிய சீமைக்கிளுவைக் குழை என்று இடுப்பளவு அடுக்குங்கள். குழையும் எருவும் இல்லாவிட்டால் வெறும் சருகு லேசில் உக்காது. கிடங்கு வெட்டாதீர்கள், மாரியில் கிணறாகிவிடும். மரநிழலில் நிலத்துக்கு மேலே குவித்துப் பழைய கிடுகால் மூடினால் கோடையிலும் ஈரம் நிற்கும். இடைக்கிடை பிரட்டிவிட வேண்டும்.

இவ்வளவுக்கும் நேரமில்லையா, சரி, தென்னைக்குப் போடுங்கள். அடிமரத்தோடு ஒட்டக் கூடாது, கறையான் ஏறும். கொஞ்சம் தள்ளி வட்டமாகப் பரப்பினால் போதும். குவியலை வீட்டுச் சுவரோடும் வைக்காதீர்கள். சருகின் நிறத்திலேயே புடையன் பாம்பு சுருண்டு கிடக்கும். வாரியால் இழுத்துப் பார்த்த பிறகே கை வையுங்கள்.

கூரைப் பீலிக்குள் விழுந்ததை மட்டும் மழைக்கு முன், புரட்டாதிக்குள் வழித்து எடுத்துவிடுங்கள். சருகு அடைத்துத் தண்ணீர் தேங்கினால் டெங்கு நுளம்புக்கு அதுவே போதும். பி.எச்.ஐ. (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) வந்தாலும் முதலில் பார்ப்பது தண்ணீர் தேங்கும் இப்படியான இடங்களைத்தான்.