பெரிய கம்பெனி மேலாளர்கள் ஒரு துறையையே ஆலோசனை நிறுவனத்திடம் ஏன் ஒப்படைக்கிறார்கள்?

செலவைக் குறைக்கத்தான் என்று அவர்கள் சொல்வார்கள். தென்னாப்பிரிக்காவின் டர்பனில் பல ஆண்டுகள் கணக்குத் துறையில் வேலை பார்த்தவன் என்ற முறையில் என் பதில் வேறு. நாளை ஏதாவது கெட்டுப்போனால் பழி தன் தலையில் விழக் கூடாது என்பதே பெரும்பாலும் காரணம்.

மேலாளர் தன் யோசனையில் துறையை மாற்றியமைத்து அது கவிழ்ந்தால் வேலை போகும். உலகப் பெயர் பெற்ற நிறுவனத்தின் அறிக்கை கையில் இருந்தால், "நிபுணர்கள் சொன்னபடிதான் செய்தோம்" என்று இயக்குநர் குழு முன் தைரியமாக நிற்கலாம். முதலாண்டுச் சேமிப்பு அறிக்கையில் பளிச்சென்று தெரியும். போனஸும் அதைப் பார்த்தே வரும். ஒப்பந்தம் முடிவதற்குள் அவர் வேறு பதவிக்குப் போயிருப்பார்.

அறிக்கையில் தெரியாதது ஒன்று உண்டு. நான் இருந்த இடத்தில் கொள்முதல் பில்களைப் பார்த்தவர் சாட்ஸ்வொர்த்திலிருந்து வரும் ஓர் அக்கா. துறைமுகத்தில் கன்டெய்னர் கூடுதல் நாள் தங்கினால் தாமதக் கட்டண பில் வரும். ஒரு கப்பல் ஏஜெண்ட் அதை மின்னஞ்சலில் ஒரு முறையும் தாளில் ஒரு முறையும் அனுப்புவார். தாளில் மட்டும் பில் எண்ணுக்கு முன் ஓர் எழுத்து கூடுதலாக இருக்கும். கணினிக்கு அவை இரண்டு பில்கள். அக்கா கன்டெய்னர் எண்ணைப் பார்த்த மாத்திரத்தில் ஒன்றை அடித்துவிடுவார். இதை அவர் எங்கும் எழுதிவைக்கவில்லை, யாரும் கேட்கவும் இல்லை. துறை கைமாறியதும் இரண்டுக்கும் பணம் போனது. புகார் கொடுத்தால் டிக்கெட் எண் வரும். பிறகு, இந்தச் சரிபார்ப்பு ஒப்பந்தத்தில் இல்லை, சேர்க்கத் தனிக் கட்டணம் என்று பதில் வரும்.

நாட்டளவிலும் இதைப் பார்த்தோம். அது துறையை ஒப்படைத்த கதை அல்ல, ஆலோசனை கேட்ட கதைதான். வரி வசூல் நிர்வாகமான சார்ஸை பெய்ன் என்ற பன்னாட்டு ஆலோசனை நிறுவனத்தின் சொற்படி மாற்றியமைத்தபோது, பெருநிறுவனங்களின் வரியைக் கவனித்த தனிப்பிரிவு கலைக்கப்பட்டது. நீதிபதி நூஜென்ட் ஆணையம் 2018-இல் அதைக் கடுமையாகக் கண்டித்தது. பெய்ன் தன் கட்டணத்தை வட்டியோடு திருப்பிக் கொடுத்தது. கலைந்த பிரிவையோ மறுபடி நிறுவ வேண்டியிருந்தது. அங்கிருந்து போன அனுபவசாலிகளை நினைத்தால் இன்றும் எனக்கு ஆத்திரம் வருகிறது.

உங்கள் துறையே கைமாறப் போகிறது என்றால் ஒன்றைக் கவனியுங்கள். தென்னாப்பிரிக்காவில் 1995-ஆம் ஆண்டுத் தொழிலாளர் உறவுச் சட்டத்தின் 197-ஆம் பிரிவு இருக்கிறது. இயங்கிக்கொண்டிருக்கும் தொழில் அல்லது அதன் ஒரு பகுதி அப்படியே கைமாறினால் ஊழியர்களின் வேலை ஒப்பந்தமும் புதிய முதலாளியிடம் போகும். சேவைக் காலம் அறுபடாது. கைமாற்றத்தைக் காரணம் காட்டி வேலையை விட்டு நீக்குவதும் சட்டப்படி நியாயமற்ற பணிநீக்கம். "ராஜினாமா கொடுத்துவிட்டுப் புதிதாகச் சேர்ந்துகொள்ளுங்கள்" என்று யாராவது தாளை நீட்டினால், தொழிற்சங்கத்திடமோ வழக்கறிஞரிடமோ காட்டாமல் கையெழுத்துப் போடாதீர்கள்.