வாசகர் கேள்வி: மாதிரி நாணயங்கள் அச்சானது எப்படி?

கேள்வி: புழக்கத்துக்கே வராத ‘மாதிரி நாணயங்கள்’ ஏலத்தில் பெருந்தொகைக்கு விலைபோகின்றன. இவை பிழையாக அச்சானவையா? மற்ற காசுகளைப் போலவேதான் இவற்றையும் அச்சடித்தார்களா? (வாசகர், காரைக்குடி)

பதில்: பிழை நாணயம் கவனக்குறைவால் பிறப்பது, மாதிரி நாணயமோ, ஒரு வடிவமைப்பையோ உலோகத்தையோ ஏற்பதற்கு முன் சோதித்துப் பார்ப்பதற்காகத் திட்டமிட்டு அச்சடிக்கப்படுவது. இதற்கு நான் முதலில் சொல்ல விரும்பும் சான்று, 1907-இல் பிலடெல்பியா நாணயச்சாலையில் உருவான 20 டாலர் பொற்காசு.

அமெரிக்கக் காசுகள் பண்டைய கிரேக்கக் காசுகளைப் போல உருவங்கள் புடைத்து நிற்பவையாக இருக்க வேண்டும் என்று விரும்பிய அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட், அப்பணியைச் சிற்பி அகஸ்டஸ் செயின்ட்-கௌடன்ஸிடம் ஒப்படைத்தார். சிற்பியின் பெரிய மாதிரியைக் கருவியால் காசின் அளவுக்குச் சுருக்கி, எஃகில் அச்சு வெட்டினார்கள். ஆனால் அவ்வளவு ஆழமான அச்சுக்குள் தங்கம் ஒரே அடியில் நிறைந்துவிடாது. ஆகவே, பதக்கங்களுக்கான நீரழுத்த எந்திரத்தில் வில்லையை வைத்து, ஒவ்வோர் அழுத்தத்துக்கும் பிறகு, இறுகிப்போன தங்கத்தை வெளியே எடுத்துப் பழுக்கக் காய்ச்சி, நைட்ரிக் அமிலக் கரைசலில் தோய்த்து, மீண்டும் அதே அச்சில் பொருத்தி அழுத்தினார்கள். உருவம் முழுமையாக எழ ஒன்பது அழுத்தங்கள் வரை தேவைப்பட்டன. அந்த அமிலம் மேற்பரப்பிலுள்ள செம்பைக் கரைத்துவிடுவதால், பத்தில் ஒரு பங்கு செம்பு கலந்த அந்தக் காசுகளுக்குப் பசும்பொன்னின் நிறம் கிட்டியது.

தலைமைச் செதுக்குநர் சார்லஸ் பார்பர் இதைத் தொடக்கம் முதலே எதிர்த்தார். அவரைக் கலைக்குப் பகைவராகச் சித்திரிப்பது நியாயமன்று என்பது என் கருத்து. ஒரே அடியில் அச்சாகாத காசை இலட்சக்கணக்கில் வெளியிட எந்த நாணயச்சாலையாலும் இயலாது. புடைப்பைக் குறைத்து மூன்று அழுத்தங்களில் பன்னிரண்டாயிரத்துக்குச் சற்று மேற்பட்ட காசுகளை வெளியிட்டார்கள். அதுவும் மெதுவாக நடந்ததால், இன்னும் தட்டையாக்கிய வடிவமே இறுதியில் புழக்கத்துக்கு வந்தது. ஆகஸ்ட் 1907-இல் மறைந்த சிற்பி அதைக் காணவில்லை.

அதே எடைத் தங்கத்தை 34 மில்லிமீட்டருக்குப் பதிலாக 27 மில்லிமீட்டர் விட்டத்தில் தடிமனாக அச்சடித்தும் சோதித்தார்கள். உருக்கப்பட்டவை போக எஞ்சிய இரண்டும் ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் சேகரிப்பில் உள்ளன.

கேள்வி: ‘ப்ரூஃப்’ நாணயமும் இதுவும் ஒன்றா? (வாசகி, திருச்சி)

பதில்: அல்ல. ப்ரூஃப் என்பது, பெரும்பாலும் முன்னரே ஏற்கப்பட்ட வடிவமைப்பை, மெருகேற்றிய அச்சுகளால் சேகரிப்பாளர்களுக்கெனக் கவனமாக அச்சடிக்கும் முறை. மாதிரி நாணயத்தின் வடிவமைப்பு ஏற்கப்படலாம், கைவிடவும் படலாம். அதையும் ப்ரூஃப் முறையிலேயே அச்சடித்திருப்பது உண்டு என்பதால்தான் இந்தக் குழப்பம் எழுகிறது.