அந்தேரியில் சென்னை ஜெர்சி போடலாமா?

தம்பி, நீ கேட்டதை முதலில் சுருக்கமாக எழுதிவிடுகிறேன், படிக்கிற மற்றவர்களுக்கும் புரியட்டும். பெரம்பூரிலிருந்து வேலைக்காக மும்பை வந்து உனக்கு மூன்று மாதம் ஆகிறது. சாக்கிநாக்காவில் நான்கு பேருடன் ஓர் அறை. திங்கள்கிழமை காலை அலுவலகத்தில் கால்பந்துப் பேச்சு. ரன்வீர் சிங்குக்கு ஆர்சனல், அபிஷேக் பச்சனுக்கு செல்சி, ரன்பீர் கபூருக்கு பார்சிலோனா, ரோகித் சர்மாவுக்கு ரியல் மாட்ரிட் என்று ஆளுக்கொரு நட்சத்திரத்தைத் துணைக்கு வைத்துக்கொண்டு சண்டை போடுகிறார்கள். உன் முறை வந்தபோது நீ "சென்னையின் எஃப்.சி." என்றாய். மேசையைச் சுற்றிச் சிரிப்பு. ஐரோப்பிய கிளப் ஒன்றைப் பிடித்துக்கொண்டால்தான் இந்த ஊரில் ஒட்ட முடியுமா என்பது உன் முதல் கேள்வி. இந்த ஊர் அணியான மும்பை சிட்டியோடு ஆட அந்தேரி மைதானத்துக்குச் சென்னை அணி வரும்போது நம் ஜெர்சியைப் போட்டுக்கொண்டு போனால் வம்பு வருமா என்பது இரண்டாவது.

இரண்டாவதற்கு உடனே பதில் சொல்லிவிடலாம். வராது. நானே போட்டுக்கொண்டு போகிறேன், ஐம்பது வயதில். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

சிரித்தவர்களிடம் அடுத்த திங்கள்கிழமை ஒரே ஒரு விஷயம் கேட்டுப் பார். அபிஷேக் பச்சன் எந்த ஊர்க்காரர்? இந்த மும்பையில் பிறந்தவர், ஜூஹுவில் வீடு. 2014-இல் இந்தியன் சூப்பர் லீக் கால்பந்துப் போட்டி தொடங்கியபோது அவர் பங்கு எடுத்த அணி எது? நம்முடையது. செல்சி ரசிகர் என்று அவர்கள் கொண்டாடுகிற அதே மனிதர், நீ சொன்னதும் சிரித்தார்களே, அந்த அணியின் இணை உரிமையாளர். சென்னை அணி அந்தேரியில் ஆடும்போது ஆட்டக்காரர்களுக்கெல்லாம் அது வெளியூர் ஆட்டம். உரிமையாளருக்கோ வீட்டிலிருந்து நாலைந்து கிலோமீட்டர். இரவு சாப்பாட்டுக்குத் திரும்பிவிடலாம். நமக்குச் சொந்த ஊர் அணி அது, இருப்பது அவருடைய ஊரில். அவருக்கு நேர் எதிர். இந்தத் தலைகீழ்க் கணக்கை நினைக்கும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பு வரும்.

அவர் மட்டுமா? மும்பையின் செல்லப்பிள்ளை சச்சின் 2018 வரை கேரளா பிளாஸ்டர்ஸில் பங்கு வைத்திருந்தார். தோனி ராஞ்சிக்காரர், கிரிக்கெட்டிலும் சென்னை, கால்பந்திலும் சென்னை. பள்ளிக்கூடத்தில் அவர் கால்பந்து கோல்கீப்பராக இருந்தவர் என்பதால் அதிலாவது ஒரு நியாயம் இருக்கிறது. கோலியின் கதைதான் உச்சம். பிறந்தது டெல்லி, மட்டை பிடிப்பது பெங்களூருக்கு, கால்பந்தில் பங்கு கோவாவில், வீடு மும்பையில். பங்குதாரர் என்பதைப் பங்காளி என்றும் சொல்லலாம், ஆனால் அந்தச் சொல்லுக்கு நம் ஊரில் இருக்கிற அர்த்தம் உனக்குத் தெரியும். 2015 இறுதி ஆட்டம் கோவாவின் ஃபட்டோர்டாவில் நடந்தது. கடைசி நிமிடங்களில் இரண்டு கோல் விழுந்து சென்னை 3–2 என்று கோப்பையைத் தூக்கியது. அன்று அபிஷேக்கும் கோலியும் அந்தச் சொல்லின் இரண்டாவது அர்த்தத்தில்தான் பங்காளிகள்.

ஆக, ஊர் மாறி வந்து வேறோர் ஊரின் அணிக்குக் கத்துவது இந்த நாட்டில் பெரிய மனிதர்களே செய்கிற காரியம். நீ செய்தால் மட்டும் ஏன் சிரிப்பு?

அணியின் பெயரையே அவர்கள் "சென்னாயின்" என்று ஏதோ மருந்துப் பெயர் போலச் சொல்வார்கள். திருத்திக் கொடு. மும்பையின் மழை, மதுரையின் மல்லிகை என்பது போலச் சென்னையின் என்று தொடங்கிப் பாதியிலேயே நிற்கிற சொல் அது. சென்னையின் எது என்று கேட்டால் நீ விருப்பம்போல நிரப்பிக்கொள்ளலாம். இதை என் வங்கியில் ஒரு மராட்டிய அம்மாளுக்கு விளக்கியபோது, "அப்படியானால் வாக்கியத்தை எப்போது முடிப்பீர்கள்?" என்று கேட்டார். அந்த ஆண்டு நாம் புள்ளிப் பட்டியலின் அடியில் கிடந்தோம். பதில் சொல்லாமல் டீ வாங்கிக் கொடுத்தேன்.

உன் முதல் கேள்வி வேறு மாதிரி எனக்குள்ளும் இருந்தது. வங்கி மாற்றலில் இங்கே வந்தபோது எனக்கு இருபத்தெட்டு வயது. அப்பா ரயில் பெட்டித் தொழிற்சாலையான ஐ.சி.எஃப்.பில் வேலை பார்த்தவர். தொழிற்சாலை அணி ஆடும்போது அயனாவரத்திலிருந்து என்னைச் சைக்கிளில் வைத்துக் கூட்டிக்கொண்டு போவார். மும்பையில் அப்படி எதுவும் இல்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். என் மேலதிகாரி ஒரு வங்காளி, ஓய்வுபெற இரண்டு ஆண்டு பாக்கி. ஒருநாள் சர்ச்கேட் பக்கம் வேலையாகப் போனபோது கூப்பரேஜ் மைதானத்தின் வாசலில் நின்று, "இங்கேதான் பர்மன் உட்காருவார்" என்று கையைக் காட்டினார்.

எஸ்.டி. பர்மன். இந்திப் படங்களுக்கு இசையமைத்தவர், கிழக்கு வங்கத்தின் கொமில்லாவில் பிறந்தவர், கல்கத்தாவின் ஈஸ்ட் பெங்கால் கிளப்புக்கு வெறியர். அவரிடம் பாடிய மன்னா டே கல்கத்தாக்காரர், அதன் எதிரிக் கிளப்பான மோகன் பகானின் பக்தர். ரோவர்ஸ் கோப்பை 1891-இல் தொடங்கியது, நாட்டின் மிகப் பழைய கால்பந்துப் போட்டிகளில் ஒன்று, நடந்தது இந்த மும்பையில். கல்கத்தாவின் பெரிய கிளப்புகள் அதற்காக இங்கே வரும்போது இருவரும் கூப்பரேஜுக்குப் போய்விடுவார்களாம். ஒலிப்பதிவில் ஒரே தாளம், மைதானத்தில் எதிரும் புதிரும். ஈஸ்ட் பெங்கால் என்பதே 1920-இல் தொடங்கிய கிளப். கிழக்கு வங்கத்திலிருந்து வந்தவர்களின் கிளப் என்றே அதற்குப் பெயர் நிலைத்துவிட்டது. அது ஜெயித்தால் அந்த வீடுகளில் இலிசா மீன், மோகன் பகான் ஜெயித்தால் இந்த வீடுகளில் இறால். நம் மேலதிகாரி இறால் கட்சி. "பர்மன் இங்கே எவ்வளவு பெரிய ஆள்! மும்பை அவருக்கு எல்லாம் கொடுத்தது. அணியை மட்டும் அவர் மாற்றிக்கொள்ளவில்லை" என்றார். அவர் குரலில் பெருமையா பொறாமையா என்று எனக்குப் பிடிபடவில்லை. எதிர்க்கட்சிக்காரரைப் பற்றியல்லவா பேசினார்.

அதற்கு நேர்மாறாக நம்மவர் ஒருவர் இருக்கிறார். விஸ்வநாதன் ஆனந்த் மயிலாடுதுறையில் பிறந்து, சென்னையில் வளர்ந்து, பல ஆண்டுகள் ஸ்பெயினில் மாட்ரிட்டுக்குப் பக்கத்தில் கொயாதோ மெதியானோ என்ற சிற்றூரில் குடியிருந்தார். இருக்கிற இடத்தின் அணியான ரியல் மாட்ரிட்டின் ரசிகர் ஆகிவிட்டார். அதில் ஒரு கொடுமை பார். 2013 நவம்பரில் சென்னையிலேயே வைத்து மேக்னஸ் கார்ல்சன் அவரிடமிருந்து உலகப் பட்டத்தைப் பறித்தார். பறித்த கையோடு, அதே மாதக் கடைசியில் ரியல் மாட்ரிட்டின் பெர்னபேவு மைதானத்துக்குப் போய் ஆட்டத்தின் தொடக்க உதையை உதைத்தார் கார்ல்சன். அவரும் ரியல் மாட்ரிட் ரசிகர்! பட்டமும் போய், சொந்தக் கிளப்பின் நடுக்களத்தில் எதிராளி நிற்பதையும் பார்க்க நேர்ந்தால் எனக்கு ஒரு வாரம் சோறு இறங்காது.

உன் அலுவலக நண்பர்களின் பட்டியலை நான் மட்டம் தட்டவில்லை. ஆனால் ஒரு நட்சத்திரம் ஒரு கிளப்பின் பெயரைச் சொல்வதில் பல ரகம் உண்டு. ரோகித் சர்மாவை 2019-இல் ஸ்பெயினின் கால்பந்து லீக்கான லா லிகா இந்தியாவுக்கான தூதராக நியமித்தது. அவர் ரியல் மாட்ரிட் ரசிகர் என்பதும் உண்மை, அது தொழிலாகவும் ஆனது. ரன்பீர் பார்சிலோனாவுக்குக் கைதட்டுவார், ஆனால் பணம் போட்டது மும்பை சிட்டியில். பிரிட்டனின் பிரதமராக இருந்த டேவிட் கேமரன் தன்னை ஆஸ்டன் வில்லா ரசிகர் என்று சொல்லிக்கொண்டிருந்தவர். 2015 தேர்தல் நேரத்தில் மேடையில் "வெஸ்ட் ஹாம்" என்று உளறிவிட்டார். இரண்டு கிளப்பின் சட்டையும் ஒரே கருஞ்சிவப்பும் வெளிர்நீலமும்தான், நாக்கு அதனால் குழம்பியிருக்கலாம். ஆனால் அப்பாவின் சைக்கிளில் உட்கார்ந்து பார்த்த அணியின் பெயரை யாரும் மாற்றிச் சொல்ல மாட்டார்கள். நீ சிரிப்புக்குப் பயந்து திடீரென்று ஆர்சனல் என்று சொன்னால், யார் கோல்கீப்பர் என்ற இரண்டாவது கேள்வியில் மாட்டிக்கொள்வாய்.

ஐரோப்பிய ஆட்டங்களைப் பார்க்காதே என்று சொல்லவில்லை. பார், நன்றாக ஆடுகிறார்கள். அறை நண்பர்களோடு நள்ளிரவில் உட்கார்ந்து பார்ப்பதில் இந்தியும் வந்துவிடும். வசவுச் சொற்கள் முதலில் வரும், வினைச்சொற்கள் பிறகு.

இப்போது ஜெர்சி விஷயம். என் மகன் இங்கேயே பிறந்தவன். மும்பை சிட்டி வெறியன். 2019-இல் மான்செஸ்டர் சிட்டியின் தாய்க் குழுமம் மும்பை சிட்டியில் 65 சதவீதப் பங்கை வாங்கியபோது, இவனே வாங்கியது போல நடந்துகொண்டான். 2020–21-இல் லீக்கில் முதலிடமும் கோப்பையும் இரண்டுமே அவர்களுக்கு. அந்த மாதம் முழுதும் வீட்டில் எனக்குச் சாம்பார் கரண்டியைக்கூட மரியாதையாகத் தரவில்லை. நான் 2018-ஐ எடுத்துப் போட்டேன்: பெங்களூரின் கண்டீரவா மைதானத்திலேயே பெங்களூரை 3–2 என்று சாய்த்த இறுதி ஆட்டம், மெயில்சன் ஆல்வ்ஸ் தலையால் முட்டிய இரண்டு கோல். "பழங்கதை" என்றான். இந்த மாதிரி வீட்டுப் பிளவு உலக வழக்கம்தான். டென்னிஸ் வீரர் ரஃபேல் நடாலின் அப்பாவுடைய உடன்பிறந்தவர் பார்சிலோனாவில் ஆடியவர். நடால் ரியல் மாட்ரிட் ரசிகர்.

ஓர் ஆட்டத்துக்கு இருவரும் சேர்ந்து போனோம். செம்பூரிலிருந்து குர்லா, அங்கிருந்து காட்கோபர், பிறகு மெட்ரோ. அவன் வெளிர்நீலம், நான் கருநீலம். மெட்ரோ கூட்டத்தில் எல்லாம் ஒரே நீலமாகத் தெரிந்ததால் யாரும் கவனிக்கவில்லை. வாசலில் சோதனை செய்த பெண் காவலர் என் பையிலிருந்த தண்ணீர் பாட்டிலை வாங்கி வைத்தார், பர்ஸிலிருந்த சில்லறையையும் எடுக்கச் சொன்னார். பிறகு ஜெர்சியை உற்றுப் பார்த்து, "ஆன்ட்டி, இது நம்முடையது இல்லையே" என்று இந்தியில் கேட்டார். "என்னுடையது" என்றேன். சிரித்துக்கொண்டே உள்ளே விட்டார். மகன் பத்தடி முன்னால் நடந்துகொண்டிருந்தான், எனக்கும் தனக்கும் சம்பந்தமில்லாதது போல.

அந்த மைதானம் சிறியது, அதுதான் அதன் அழகு. ஆட்டக்காரர் பந்தை நிறுத்தும் சத்தம் கேட்கும். சென்னை கோல் போட்டபோது எங்கள் பகுதியில் எழுந்து கத்தியது நான் ஒருத்தி மட்டுமே. சுற்றிலும் முப்பது தலை திரும்பியது. பின்வரிசையில் ஒரு பெரியவர், "பச்சன் கட்சியா?" என்றார். இல்லை, அயனாவரம் கட்சி என்று அவருக்கு எப்படி விளக்குவது? உடனே எல்லோரும் கழுத்தை நீட்டி, பெரிய மனிதர்கள் உட்காரும் பக்கம் பார்க்கத் தொடங்கினார்கள். ஒரு தலையின் பின்பக்கம் தெரிந்தது. ரன்பீர் என்றார் ஒருவர், அபிஷேக் என்றார் இன்னொருவர். பந்தயம் கட்டாத குறை. இடைவேளையில் அந்தத் தலை திரும்பியது. யாரோ ஒரு மாமா, கையில் சமோசா.

அதனால் நட்சத்திரத்தைப் பார்க்கும் ஆசையில் வந்தால் ஏமாறுவாய் என்று எச்சரித்துவிடுகிறேன். அதே வரிசையில் முல்லுண்டிலிருந்து வந்த ஒரு திருநெல்வேலிக் குடும்பம் என் கத்தலைக் கேட்டு இடைவேளையில் தேடி வந்தது. "அக்கா, கத்தினது தமிழில்தானே?" என்று கேட்டார்கள். என்ன கத்தினேன் என்று இங்கே எழுத முடியாது, ஆனால் தமிழில்தான். அவர்கள் இப்போது பொங்கலுக்கு எங்கள் வீட்டுக்கு வருகிறார்கள். அந்த வீட்டுப் பெண்ணும் மும்பை சிட்டி கட்சி; பிள்ளைகள் இரண்டும் எங்களுக்கு எதிராகக் கூட்டணி.

மற்ற நாட்களில் மும்பைக்குக் கைதட்டுகிறேனா என்று கேட்பாய். தட்டுகிறேன். ஆனந்த் செய்தது போல. சென்னை வருகிற அன்று மட்டும் பர்மன்.

நீ சாக்கிநாக்காவில் இருப்பதால் உனக்கு வழி மிக எளிது. ஒரே மெட்ரோ, அந்தேரிக்கு அடுத்த நிறுத்தம் ஆசாத் நகர், இறங்கினால் நடக்கிற தூரம். சில்லறையை அறையிலேயே வைத்துவிட்டு வா. வடாபாவை வெளியிலேயே முடித்துக்கொள், உள்ளே விலை அதிகம். ஆட்ட நாள் தெரிந்ததும் எனக்கு எழுது, டிக்கெட் சேர்த்து எடுத்துவிடுகிறேன். மகன் இப்போது என் பக்கத்தில் உட்கார்வதில்லை, அந்த இருக்கை காலிதான்.