மழையில் நனைந்த கடற்கரை மணலைக் காற்றால் நகர்த்த முடியுமா?

முடியும். ஈர மணல் பறக்காது என்றுதான் நானும் நினைத்திருந்தேன், ஒரு மார்கழியில் தனுஷ்கோடிக்குப் போகும்வரை.

முந்தின ராத்திரி நல்ல மழை. விடிந்து போனால் கரை சிமெண்டுத் தளம்போல் இறுகிக் கிடந்தது, கால்கூடப் புதையவில்லை. வாடைக்காற்று பலமாகத்தான் வீசியது, ஆனால் ஒரு பொடி மணல் அசையவில்லை. பத்து மணிவாக்கில் வெயில் ஏறியதும் கறுத்துக் கிடந்த அதே ஈரத் தரைமேல் வெளுத்த மணல் சாரைசாரையாக, பாம்பு நெளிவதுபோல ஓட ஆரம்பித்தது. முழங்காலுக்குக் கீழே ஊசி குத்துகிற மாதிரி எரிச்சல், முகத்தில் ஒன்றும் படவில்லை.

புட்டுக்கு மாவு பிசறியவர்களுக்கு இது சுலபமாகப் புரியும். மணல்மணிகளுக்கு இடையே நிற்கிற துளி நீர் ஒன்றோடொன்றை இழுத்துப் பிடிக்கிறது. காய்ந்த மணலைக் கிளப்ப மணிக்கு 20 கிலோமீட்டர் காற்றே ஏறத்தாழப் போதும். எடையில் நூற்றுக்கு 4, 5 பங்கு ஈரம் இருந்தால் வழக்கமான காற்றுக்கு மணல் மசியாது.

ஆனால் அந்த ஈரத்தை உலர்த்துவதும் அதே காற்றுதான். மேலே ஒரு மில்லிமீட்டர் காய்ந்தால் போதும், அது கிளம்பிவிடும். அடியில் இருக்கும் ஈரம் வெளியே வரும், காயும், அதுவும் கிளம்பும். கொடியில் துணி காய்கிற கணக்குதான். ஈரக் கரையில் எவ்வளவு மணல் போகும் என்பது காற்றின் பலத்தை மட்டும் பொறுத்ததல்ல, எவ்வளவு சீக்கிரம் காய்கிறது என்பதையும் பொறுத்தது. அன்று சிப்பிகள் பல சின்னச் சின்ன மண்மேடைமேல் உட்கார்ந்திருந்தன. சுற்றியிருந்த மணலைக் காற்று அரித்துக்கொண்டு போக, சிப்பிக்கு அடியில் இருந்தது மட்டும் தப்பித்திருக்கிறது.

இன்னொன்று, எனக்கு இதுதான் பெரிய ஆச்சரியம். மேட்டில் காய்ந்து கிளம்பிய மணி உதிரி மணலில் விழுந்தால் வேகம் செத்துவிடும். இறுகிய ஈரத்தரையில் விழுந்தால், சிமெண்டில் போட்ட கோலிக்குண்டுபோல எகிறித் தாவும். ஈரம் தன் மணலைத்தான் பிடித்து வைக்கும், வருகிற மணலுக்கு வழிவிட்டுவிடும்.

மழை பெய்யும்போதேகூடக் கொஞ்சம் நகரும். பெரிய துளி விழுந்து மணல் தெறிக்கும், தெறித்ததைக் காற்று தள்ளும். ஆனால் அது அதிக தூரம் போகாது.

மழை விட்ட மறுநாள் போகிறீர்கள் என்றால் பையைத் தரையில் வைக்காதீர்கள். என் பையின் ஜிப் இன்னும் நறநறக்கிறது.